டாக்டரம்மா பதில்கள்: கையெழுத்துப் போட்டால் மட்டும் போதுமா?

பவானி வாசகர் ஒருவர், "எனக்குப் பிறகு என் உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க என்ன செய்ய வேண்டும்?" என்று சென்ற இதழில் கேட்டிருந்தார். "பக்கத்துக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கிக் கையெழுத்துப் போடுங்கள், வீட்டில் சொல்லி வையுங்கள்" என்று பதில் எழுதினேன். அன்றைக்கு இருந்த இடம் அவ்வளவுதான். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சப்பை நிறைய இருக்கின்றன. ஆகவே இந்த முறை மூட்டுவலியும் பிரஷரும் ஓய்வெடுக்கட்டும். உடற்கூறியல் துறையிலேயே வேலை பார்த்துத் தலை நரைத்தவள் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். எழுதியவர்களின் பெயர்களை நானே எடுத்துவிட்டேன். நம்ம பக்கத்தில் ஊரும் தொழிலும் சொன்னாலே பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். பங்காளி வீட்டுக்குள் சண்டை மூட்டிய பாவம் எனக்கு எதற்கு?

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வயது 74. என் மனைவி பல வருடம் மறதி நோயில் கிடந்து போன தையில் காலமானாள். கடைசிக் காலத்தில் என்னைத் தன் அண்ணன் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த நோயை ஆராய்கிறவர்களுக்கு என் மூளையைக் கொடுக்க ஆசை. உடல் தானம் செய்தால் மூளையும் சேர்ந்துதானே போகும்? எனக்கு ஞாபகசக்தி நன்றாகத்தான் இருக்கிறது. நோயில்லாத மூளையால் யாருக்காவது பிரயோசனம் உண்டா?
– கோபிசெட்டிபாளையம்

வாத்தியாரய்யா, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கிடைக்காமல் அலைக்கழிப்பதே நோயில்லாத மூளைதான். நோய் வந்த குடும்பத்துக்கு அதன் வலி தெரியும், அதனால் யாராவது முன்வருகிறார்கள். நல்ல நினைவோடு 80, 90 வயது வரை இருந்து போகிறவரை யாரும் கேட்பதும் இல்லை, அவர் வீட்டாருக்குத் தோன்றுவதும் இல்லை. வயதானால் தானாக வரும் மாற்றம் எது, நோயால் வரும் மாற்றம் எது என்று பிரிக்க வேண்டுமானால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரீகள் இதற்குச் சம்மதித்தார்கள். டேவிட் ஸ்னோடன் என்பவர் 1986இல் தொடங்கிய ஆய்வு அது. ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே மாதிரி வாழ்க்கை, குடி, புகை கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல கூட்டம் கிடைக்காது. ஒவ்வொரு வருடமும் ஞாபகசக்திப் பரிசோதனைக்கு உட்காருவது, இறந்த பிறகு மூளையைக் கொடுப்பது என்பது ஏற்பாடு. அவர்களில் சிஸ்டர் மேரி என்பவர் 101 வயதில் இறந்தார். கடைசி வரை பரிசோதனைகளில் நல்ல மதிப்பெண். மூளையை எடுத்துப் பார்த்தால் அல்சைமர் என்ற மறதி நோய்க்குரிய படிவுகளும் முடிச்சுகளும் ஏராளம்! நோயின் தடயம் அத்தனையும் உள்ளே இருந்தும் நோய் வெளியே தலைகாட்டவில்லை. ஏன் என்று இன்றைக்கும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் மூளையைக் கொடுத்திராவிட்டால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான கணக்கு சொல்கிறது. நூற்றுக்கு ஏழு பேருக்குமேல். நம் சாப்பாடு வேறு, நம் சர்க்கரையும் பிரஷரும் வேறு, பள்ளிக்கூடம் போகாத கிழவிகளின் எண்ணிக்கை வேறு. வெள்ளைக்காரர் மூளைகளை வைத்துச் சொன்னதெல்லாம் கோபிக்கும் அந்தியூருக்கும் அப்படியே பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

இனி முதல் கேள்வி. உடலைக் கொடுத்தால் மூளையும் கூடவே போகும் என்பது சரிதான். ஆனால் வேலை வேறு. மருத்துவக் கல்லூரிக்குப் போகும் உடல் மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்கு. ஃபார்மலின் கலந்த திரவத்தை ரத்தக்குழாய் வழியே ஏற்றிப் பதப்படுத்திவிடுவோம். மூளையும் அதில் இறுகிவிடும். வடிவத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கலாமே தவிர, அதிலுள்ள புரதத்தையும் மரபணுச் சங்கதிகளையும் நுணுக்கமாகப் படிக்க அது அவ்வளவாக உதவாது. அதற்கென்று இருப்பது மூளை வங்கி. பெங்களூரில் மனநலம், நரம்பியலுக்கென்று இருக்கும் மத்திய அரசு ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸில் 1995இலிருந்து ஒன்று இருக்கிறது.

மூளை வங்கிகளில் என்ன செய்வார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். புதிதாக எடுத்த மூளை கெட்டித் தயிர் மாதிரி, கையில் ஏந்தினால் தன் பாரத்திலேயே அமுங்கும். எடை ஒன்றேகால் கிலோவிலிருந்து ஒன்றரை கிலோவுக்குள். வழக்கமாக அதை நடுவில் இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதியைத் துண்டு போட்டு மைனஸ் 80 டிகிரிக் குளிரில் வைத்துவிடுவார்கள். மறு பாதி ஃபார்மலின் வாளிக்குள் போகும். முழு மூளையாகவே வைப்பதானால் அடியிலுள்ள ரத்தக்குழாயில் நூலைக் கோத்து, தலைகீழாகத் தொங்கவிடுவோம். வாளியின் அடியில் உட்கார விட்டால் ஒரு பக்கம் சப்பையாகிவிடும். கத்தி வைக்கும் அளவுக்கு இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும்.

முகம் கெடுமோ என்று உங்கள் மகள் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். கெடாது. ஒரு காதுக்குப் பின்னாலிருந்து உச்சி வழியாக மறு காது வரை தோலைத் திறந்து, மண்டையோட்டை எடுத்து, மூளையை வாங்கிக்கொண்டு, மறுபடி மூடித் தைத்துவிடுவார்கள். தலையணையில் வைத்தால் தையல் தெரியாது. உடலை வீட்டுக்குத் திருப்பிக் கொடுப்பார்கள், அன்றைக்கே எரிக்கலாம். உடலை விட்டுப் பிரிய மனம் வராதவர்களுக்கு மூளை தானம்தான் சுலபம் என்பது என் அபிப்பிராயம்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. இறந்து 24 மணி நேரத்துக்குள் மூளையை எடுத்தாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நம்மூரில் சேதி சொல்லி, சொந்தம் வந்து சேர்ந்து, வாசலில் பந்தல் போடுவதற்குள்ளேயே பாதி நேரம் போய்விடும். இரவு ஒன்பதுக்கு மேல் பெங்களூரு பக்கம் போகிற திம்பம் மலைப்பாதையில் கார்களை விடுவதில்லை, சேலம், கிருஷ்ணகிரி என்று சுற்ற வேண்டும். ஆகவே இப்போதே நிம்ஹான்ஸ் மூளை வங்கிக்கு எழுதிக் கேளுங்கள்: கோபியில் இருப்பவரிடமிருந்து எடுக்க வழியுண்டா, உடலை அங்கே கொண்டுபோக வேண்டுமா, இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்துப் பனிக்கட்டியில் அனுப்பினால் வாங்குவார்களா? சரிவராது என்றால் இரண்டாவது ஏற்பாடாகப் பெருந்துறையிலோ கோவையிலோ உடல் தானத்துக்கு எழுதி வையுங்கள்.

இன்னொன்று. வருடம் ஒருமுறை ஞாபகசக்திப் பரிசோதனை செய்து அந்தச் சீட்டுகளை ஒரே ஃபைலில் போடுங்கள். உயிரோடிருந்தபோது ஆள் எப்படி இருந்தார் என்று தெரியாத மூளை, பெயர் எழுதாத விடைத்தாள். வாத்தியாருக்கு இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா போன வருடமே உடல் தானத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பெரியப்பாவும் சித்தப்பாவும் "நெருப்பு வைக்காம அனுப்புனா ஊர்ல எவன் மூஞ்சில முழிக்கறது?" என்கிறார்கள். அண்ணன் வாயே திறப்பதில்லை. அப்பாவின் கையெழுத்து இருக்கும்போது இவர்கள் தடுக்க முடியுமா?
– காங்கேயம்

முடியும், அம்மிணி. சட்டப் புத்தகத்தை விடுங்கள், நடப்பைச் சொல்கிறேன். இறந்த பிறகு நெருங்கிய உறவுகள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் கல்லூரி உடலை வாங்கும். ஒருத்தர் "முடியாது" என்று வாசலில் நின்றால் எந்தத் துறைத் தலைவரும் போலீஸைக் கூட்டிக்கொண்டு வரமாட்டார். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இப்படி நடந்தது. எழுதிக் கொடுத்தவர் ஊரறிந்த மனிதர், படிவத்தோடு நின்ற போட்டோ பேப்பரில்கூட வந்தது. அவர் போன அன்றைக்கு வண்டி போனது. தங்கை மகன் வண்டிக்கு முன்னால் குறுக்கே படுத்துக்கொண்டான். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. வண்டி காலியாகத் திரும்பியது. போட்டோ எடுக்கிற நேரத்தில் மருமகனைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

கையெழுத்து உங்கள் அப்பாவுடையது, வேலை உங்களுடையது. ஆனால் பெரியப்பாவிடம் நீங்கள் வாதாடப் போகாதீர்கள். "பொட்டப்புள்ள சொல்லி நான் கேக்கறதா" என்று அங்கேயே முறுக்கிக்கொள்வார். அப்பாவே பேசட்டும், தெம்பாக இருக்கும்போதே. இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைக்க வேண்டாம், ஒருவரைப் பார்த்து மற்றவர் வீம்பு பிடிப்பார். பெரியவரிடம் முதலில், தனியாக, தோட்டத்துச் சாளையிலோ எங்கேயோ. அவர் இறங்கினால் சின்னவர் இறங்கிவிடுவார். அண்ணனிடம் மட்டும் நீங்கள் பேசுங்கள். வாய் திறக்காதவன்தான் அன்றைக்கு முதல் ஆளாகக் கத்துவான்.

சீரைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். குளிப்பாட்டலாம், கோடி போடலாம், வாய்க்கரிசி போடலாம், தப்பட்டை அடிக்கலாம், பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழலாம், பங்காளிகள் சுற்றி வந்து கும்பிடலாம். சுடுகாட்டுக்குப் போகிற வண்டி கல்லூரிக்குப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கருமாதியை வழக்கம்போலச் செய்து, கூடுதுறைக்கோ கொடுமுடிக்கோ போய் முழுகி வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். சாம்பல் மட்டும் கையில் இருக்காது. படிப்பு முடிந்து மிச்சத்தைக் கல்லூரியே தகனம் செய்யும். அதன் சாம்பலைக் கொடுக்கிற வழக்கம் உண்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள். இடத்துக்கு இடம் வேறுபடும்.

"இதெல்லாம் சாமி இல்லைங்கற கட்சிக்காரனுக செய்யறது" என்று சித்தப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கம்யூனிஸ்ட் தலைவர்கள் ஜோதிபாசு 2010இல் கொடுத்தார், சீதாராம் யெச்சூரி 2024இல் கொடுத்தார், உண்மைதான். ஆனால் நெற்றி நிறையத் திருநீறு பூசி, தேவாரம் பாடிக்கொண்டே வந்து ஒப்படைத்துவிட்டுப் போனவர்களையும் நான் எங்கள் துறை வாசலில் பார்த்திருக்கிறேன். தேவர்களுக்கு ஆயுதம் செய்ய முதுகெலும்பைக் கொடுத்த ததீசி முனிவர் எந்தக் கட்சி என்று சித்தப்பாவைக் கேளுங்கள்.

ஒரு சின்ன விஷயம், யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். ஒப்படைக்கிறபோது நகை எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. மூக்குத்தி, மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். ஒரு ஆத்தாவைக் கொண்டுவந்தபோது மெட்டி கழலவே இல்லை. விரல் வீங்கியிருந்தது. மகன் சோப்புத் தண்ணீர் போட்டு இழுத்துப் பார்த்தான், வரவில்லை. எங்கள் உதவியாளர் ஒரு தையல் நூலை வாங்கி, விரலைச் சுற்றி இறுக்கி, நூலின் ஒரு நுனியை மெட்டிக்கு அடியில் நுழைத்து மெதுவாகப் பிரிக்கப் பிரிக்க, மெட்டி தானாக ஏறி வந்தது. அதற்குள் மருமகள் அழுது தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கஷ்டம் கல்லூரி வராந்தாவில் வேண்டாம்.

என் வயது 66. 20 வருடச் சர்க்கரை, பைபாஸ் ஆகிவிட்டது. என் உடம்பை வாங்குவார்களா?
– உடுமலைப்பேட்டை

தாராளமாக. சர்க்கரையும் பைபாஸும் தடையில்லை, மாணவர்களுக்கு அது கூடுதல் பாடம். வாங்கமாட்டார்கள் என்பது வேறு பட்டியல்: எச்.ஐ.வி., மஞ்சள்காமாலையில் பி, சி வகை, ஆறாத காசநோய் போன்ற தொற்றுகள், விபத்து, தற்கொலை என்று போலீஸ் வழக்கானவை, போஸ்ட்மார்ட்டம் செய்தது, அழுகத் தொடங்கியது, படுக்கைப்புண் முற்றி உடம்பெல்லாம் பரவியது. ஆகவே "எழுதிக் கொடுத்தாயிற்று" என்று நிம்மதியாக இருந்துவிடாமல், வாங்கவில்லையென்றால் என்ன செய்வது என்பதையும் வீட்டில் பேசி வையுங்கள். காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், சர்க்கரைக்காரருக்கு அது தனிப் பேச்சு.

உடம்பைக் கொடுத்தால் குடும்பத்துக்கு ஏதாவது பணம் வருமா?
– திருப்பூர்

வராது. வரும் என்று யாராவது சொன்னால் அவன் புரோக்கர். உறுப்புகளை விலைபேசினால் 5 முதல் 10 வருடம் வரை சிறை, 20 லட்சத்துக்குக் குறையாத அபராதம்.

நர்சிங் முதலாமாண்டு படிக்கிறேன். எங்களை உடற்கூறியல் ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. என் அப்புச்சி உடல் தானம் செய்யப்போவதாகச் சொல்கிறார். உள்ளே மரியாதையாக நடத்துகிறார்களா? நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள்.
– பெருந்துறை

கண்ணு, தூக்கம் வராவிட்டால் நல்ல நர்ஸாக வருவாய்.

உண்மையைக் கேட்டதால் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மேசைமேல் இருந்தவர்களில் பெரும்பாலோர் தானாக வந்தவர்கள் அல்லர். பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பஸ் ஸ்டாண்டிலும் யாருமில்லாமல் செத்தவர்கள். அப்படி யாரும் உரிமை கோராத உடல்களைக் கல்லூரிக்குக் கொடுக்க 1951ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. இந்த மாநிலத்தின் பெரிய பெரிய சர்ஜன்களுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பிச்சைக்காரர்கள்தான். அவர்களை யாரும் சம்மதம் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் மாணவர்கள் கேலி பேசியதும் உண்டு, பட்டப்பெயர் வைத்ததும் உண்டு. நான் ஒரு பையனை வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

இப்போது மாறியிருக்கிறது. முதல் வகுப்பன்றே உறுதிமொழி எடுக்கவைக்கிறார்கள். பூ வைத்துக் கும்பிடுகிற கல்லூரிகளும் உண்டு. அதைவிட, தானாகக் கொடுத்தவர்கள் வர ஆரம்பித்ததும் பேச்சு தானாக அடங்கியது. "இவர் ஒரு ரிட்டயர்டு தாசில்தார், உங்களுக்காகவே எழுதிவைத்துவிட்டுப் போனவர்" என்று நான் சொன்ன பிறகு எவனுக்கு வாய் வரும்? தாய்லாந்தில் அந்த உடலையே 'பெரிய ஆசிரியர்' என்றுதான் அழைக்கிறார்கள்.

உடல் வந்தவுடன் தொடையிலோ கழுத்திலோ உள்ள பெரிய ரத்தக்குழாய் வழியே பல லிட்டர் திரவம் ஏற்றுவோம். பிறகு மாதக்கணக்கில் அப்படியே வைத்திருந்து, உள்ளே ஊறிய பிறகுதான் மேசைக்கு வரும். கண்ணில் எரிச்சல் வந்ததே, அது ஃபார்மலின். ஜன்னல் பக்கத்து மேசையில் நின்றுகொள். பாடம் ஆரம்பித்துவிட்டால் பயம் ஒரு வாரத்தில் போய்விடும், ஏனென்றால் ஒவ்வொரு உடம்புக்குள்ளும் ஒரு கதை இருக்கும். காலமெல்லாம் விறகடுப்பு ஊதிய ஆத்தாவின் நுரையீரலில் கரும்புள்ளி. யாரிடமும் சொல்லாமல் பித்தப்பைக் கல்லோடு வாழ்ந்து முடித்த மனுசன். இரண்டு சிறுநீரகமும் அடியில் ஒட்டியே பிறந்து, அது தெரியாமலே கிழவராகிப் போனவர். எந்தப் புத்தகத்துப் படமும், எந்த கம்ப்யூட்டர் மாடலும் இப்படி மாறி மாறி இருப்பதில்லை. புத்தகத்தில் எல்லோருக்கும் ஒரே நரம்பு, ஒரே இடத்தில் ஓடும்.

ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற பெரிய விஞ்ஞானி, இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் இறந்தவர். அவர் உடம்பைக் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்தார். அப்புச்சியிடம் சொல், நல்ல கூட்டத்தில்தான் சேரப்போகிறார்.

ஐன்ஸ்டீன் மூளையை எடுத்து வைத்திருக்கிறார்களாமே, நிஜமா? (எட்டாம் வகுப்பு மாணவன்)
– தாராபுரம்

நிஜம்தான் தம்பி. 1955இல் போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் தாமஸ் ஹார்வி, குடும்பத்தைக் கேட்காமலே எடுத்துவிட்டு, மகனிடம் பிறகுதான் சம்மதம் வாங்கினார். 240 துண்டாக வெட்டி ஜாடியில் போட்டு வருடக்கணக்கில் தன்னோடு வைத்துக்கொண்டு திரிந்தார். அதைப் பார்த்து அறிவின் ரகசியத்தை யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. கேட்காமல் எடுத்தால் அதற்குப் பெயர் தானம் இல்லை.

உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை கொடுக்கிறார்கள். என் மாமனார் உடலை கல்லூரிக்குக் கொடுத்தோம். யாரும் வரவில்லையே? அதோடு, உறுப்பும் உடலும் இரண்டையும் கொடுக்க முடியாதா?
– நாமக்கல்

இரண்டும் வேறு வேறு பாதை, நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறீர்கள். அரசு மரியாதை அறிவிப்பு 2023 செப்டம்பரில் வந்தது, அது உறுப்பு தானத்துக்கு. மூளைச்சாவு அடைந்து, ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரில் இதயம் துடித்துக்கொண்டிருப்பவரிடமிருந்துதான் இதயம், கல்லீரல், சிறுநீரகம் எடுப்பார்கள். வீட்டில் இறந்தவரிடமிருந்து முடியாது. 2008இல் ஹிதேந்திரன் என்ற பையனின் பெற்றோர் கொடுத்தபோதுதான் தமிழ்நாடே இதைத் திரும்பிப் பார்த்தது. உள்ளுறுப்புகளை எடுத்த உடலை உடற்கூறியல் துறை பொதுவாக வாங்காது, ரத்தக்குழாய்கள் அறுந்துவிடுவதால் திரவம் ஏற்ற முடியாது. கண் மட்டும் விதிவிலக்கு. ஆறு மணி நேரத்துக்குள் கண்ணைக் கொடுத்துவிட்டு உடலைக் கல்லூரிக்குக் கொடுக்கலாம். இரண்டுக்கும் எழுதி வைத்து, எந்த நிலைமை வருகிறதோ அதன்படி நடப்பதே புத்திசாலித்தனம்.

மூளைச்சாவு ஆனவரின் மூளை, மூளை வங்கிக்கு உதவுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பெரும்பாலும் உதவாது, ரத்த ஓட்டம் நின்று வென்டிலேட்டரிலேயே அது குழைந்துபோயிருக்கும்.

உங்கள் மாமனாருக்கு மரியாதை செய்ய யாரும் வரவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். எனக்கும் அதில் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. கல்லூரி முதல்வராவது ஒரு மாலையோடு வாசலுக்கு வந்திருக்கலாம்.

என் மாமியாருக்கு பார்க்கின்சன் நோய். கை நடுக்கத்தில் டம்ளர் பிடிக்க முடியவில்லை. "நான் செத்த பொறகு அறுத்துப் பாக்கட்டும், இது என்ன கர்மம்னு தெரியட்டும்" என்கிறார். சாகிற வரை காத்திருக்க வேண்டுமா? உயிரோடு இருக்கும்போதே ஆராய்ச்சிக்கு உதவ முடியாதா?
– சத்தியமங்கலம்

உங்கள் மாமியாரை எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் கேட்பது நூறு வருடத்துக்கு முன்னாலேயே ஓரளவு தெரிந்துவிட்டது, அறுத்துப் பார்த்துத்தான். மூளையின் அடித்தண்டில் நடுமூளை என்ற பகுதியைக் குறுக்கே நறுக்கினால், நல்ல மூளையில் இரண்டு பக்கமும் மை தீட்டிய மாதிரி கறுப்புக் கோடு தெரியும். பூதக்கண்ணாடி வேண்டாம், வெறுங்கண்ணே போதும். பார்க்கின்சன்காரரின் மூளையில் அந்தக் கோடு வெளுத்திருக்கும். உடம்பின் அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் செத்துப்போனதன் அடையாளம் அது. 1919இல் இதைச் சொன்னார்கள், மாத்திரை அதற்குப் பல பத்தாண்டு கழித்து வந்தது. இன்றைக்கு மாமியார் காலையில் சாப்பிடுகிற லெவோடோபா, யாரோ கொடுத்த மூளைகளின் வழியாக வந்ததுதான். அந்தச் செல்கள் ஏன் சாகின்றன என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. மாமியாரின் மூளை அதற்கு வேண்டும்.

உயிரோடு இருக்கும்போதும் உதவலாம். கர்நாடகத்தில் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்து மூளை ஆராய்ச்சி மையம், 45 வயதைத் தாண்டிய கிராமத்து ஜனங்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து வருகிறது. ரத்தம், ஞாபகசக்தி, ஸ்கேன், நடை எல்லாம். பத்தாயிரம் பேர் இலக்கு. தக்காளித் தோட்டத்துக் கூலிக்காரரும் அதில் உண்டு. நம்ம பக்கத்திலும் அப்படி ஒன்று வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. உங்கள் நரம்பியல் டாக்டரிடம், "ஆராய்ச்சியில் சேர்க்கிறவர்கள் யாராவது உண்டா?" என்று கேளுங்கள். சேர்வதற்கு முன் சம்மதப் படிவத்தைத் தமிழில் வாங்கி, மாமியாருக்கே வாசித்துக் காட்டுங்கள். நடுவில் வேண்டாம் என்று விலகிக்கொள்ள அவருக்கு எப்போதும் உரிமை உண்டு.

டம்ளருக்கு: பிடி வைத்த கனமான எவர்சில்வர் மக் வாங்குங்கள், பாதி மட்டும் ஊற்றுங்கள்.

நான் 78 வயது விதவை. மகன் அமெரிக்காவில், மகள் ஆஸ்திரேலியாவில். தனியாக இருக்கிறேன். உடலைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் ராத்திரியில் போய்விட்டால் யார் தகவல் சொல்வார்கள்? பிள்ளைகள் வருகிற வரை வைத்திருப்பார்களா?
– ஈரோடு

அக்கா, நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு இந்தக் கதைதான் இப்போது. கேள்வி சரியான இடத்தில் தொட்டிருக்கிறது.

முதலில் டாக்டர் சான்றிதழ். வீட்டில் இறந்தால், பக்கத்து வீட்டுக்காரர் நாடி பார்த்துச் சொன்னது போதாது. பதிவு பெற்ற மருத்துவர் வந்து பார்த்து, இறப்புக்கான காரணத்தை எழுதிக் கொடுத்தால்தான் கல்லூரி வாங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு முன்பின் தெரியாத டாக்டர் எழுதமாட்டார், வேறு ஏதோ இருக்குமோ என்று பயப்படுவார். ஆகவே ஒரே டாக்டரிடம் மாதாமாதம் போய் வாருங்கள், உங்கள் எண்ணத்தை அவரிடமும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது, பிள்ளைகள் வரும் வரை என்பது. வீட்டில் சும்மா கிடத்தினால் நம்ம வெயிலுக்கு ஆறேழு மணி நேரம்தான் கணக்கு. உடனே ஐஸ் பெட்டி வரவழைத்தால் மறுநாள் வரை தாங்கும். அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து சேர ஒன்றரை நாளாவது ஆகும். வந்து முகம் பார்த்த பிறகுதான் என்றால் கல்லூரியின் குளிர் அறையில் வைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், வீடியோவில் பார்த்துக்கொள்ளட்டும், வருகிறவர்கள் கருமாதிக்கு வரட்டும். இதை அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள். அன்றைக்கு மற்றவர்கள் சொன்னால் கல்நெஞ்சம் என்பார்கள்.

மூன்றாவது, உங்கள் கல்லூரியில் யார் கையெழுத்து வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளைகளின் சம்மதக் கடிதத்தை ஈமெயிலில் ஏற்கிறார்களா, இல்லை உள்ளூரில் தம்பி மகனோ யாரோ ஒரு ரத்த உறவு நேரில் நிற்க வேண்டுமா? நேரில்தான் என்றால் அந்த ஆளை இப்போதே துறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள். உங்கள் ஆதார் நகல் இரண்டு, படிவத்தின் நகல், டாக்டர் எண், கல்லூரியின் எண் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். பீரோவுக்குள் பூட்டி வைக்காதீர்கள், சாவி தேடியே விடிந்துவிடும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கல்லூரிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை போன் போட்டுப் பாருங்கள், லீவு நாளில் எடுக்கிறார்களா என்று தெரிந்துவிடும். இறப்பை 21 நாளுக்குள் மாநகராட்சியில் பதிவு செய்ய வேண்டும், அதையும் அந்த உறையிலேயே எழுதி வையுங்கள்.

எதிர்வீட்டுப் பையன் தினமும் காலையில் பால் பாக்கெட் எடுத்துக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்களே, ஒரு சாவியை அவனிடம் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவன் அம்மாவிடமும் சொல்லுங்கள். அவள் சம்மதிக்காமல் அவன் போனை எடுக்கமாட்டான்.